ஊறாத ரத்தம்

என் அக்காதான் முதலில் கவனித்தாள். வீட்டில் இருப்பவர்கள் தினமும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்ததால் அவர்களுக்குத் தெரியவில்லை. அக்கா ஆவடியில், ராணுவத் தொழிற்சாலைக் குடியிருப்பில் இருக்கிறாள். அவள் வீட்டுக்காரருக்கு அங்கேதான் வேலை. மாதத்துக்கு ஒருமுறை அம்பத்தூரில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வருவாள். அன்றைக்குச் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னாடி இது, சுண்ணாம்பு அடிச்ச செவுரு மாதிரி கீற?" என்றாள். கீழிமையை விரலால் இழுத்துப் பார்த்தாள். "ரத்தமே இல்ல. நாளைக்கே டாக்டராண்ட போறோம்."

அவள் எட்டாவது வரைதான் படித்தாள். ஆனால் குடியிருப்பில் எந்தப் பெண்ணுக்கு உடம்பு சரியில்லை என்றாலும் ஆட்டோ பிடித்துக் கூட்டிப்போவது அவள்தான். எந்த லேபில் சீக்கிரம் ரிசல்ட் தருவார்கள், எந்த டாக்டர் கோபிக்காமல் பேசுவார் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. பிரசவம், சர்க்கரை, தைராய்டு எதுவானாலும் அக்காவிடம்தான் கேட்பார்கள். அதில் அவளுக்குப் பெருமை உண்டு. எனக்கும் உண்டு.

எனக்கு அப்போது நாற்பத்தாறு வயது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஓர் ஏற்றுமதி ஆடைக் கம்பெனியில் செக்கர் வேலை. நாள் முழுக்க மேசை முன்னால் நின்று, சட்டைகளில் தையல் விட்ட இடத்தையும் பிசிறையும் பார்த்து ஒதுக்க வேண்டும். சில மாதங்களாகவே இரண்டாவது மாடிக்கு ஏறினால் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும். காதுக்குள் ஏதோ மோட்டார் ஓடுவதுபோல இரைச்சல் கேட்கும். வயசாகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அக்கா தனக்குப் பழக்கமான நர்சிங் ஹோமுக்கு அழைத்துப் போனாள். ஹீமோகுளோபின் ஆறு இருந்தது. அங்கிருந்த லேடி டாக்டர் கேட்ட முதல் கேள்வி மாதவிலக்கைப் பற்றி. கொஞ்சம் அதிகமாகத்தான் போகிறது, ஐந்து நாள் ஆகிறது என்றேன். ஸ்கேன் எடுத்தார்கள். கர்ப்பப்பையில் சின்னதாக ஒரு நார்க்கட்டி இருந்தது.

"கட்டி சின்னதுதான். ஆனா ரத்தம் இப்படிப் போயிட்டே இருந்தா உடம்பு தாங்காது. இந்த வயசுல அது இருந்து என்ன ஆகப்போகுது? எடுத்துட்டா நிம்மதி" என்றார் டாக்டர்.

வெளியே வந்ததும் என் கணவர் தயங்கினார். அவர் பக்கத்து ஊரான பாடியில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்ப்பவர், அதிகம் பேசமாட்டார். "வேற எங்கனா ஒரு தபா காட்டிட்டு முடிவு பண்ணலாமா?" என்று மட்டும் கேட்டார்.

அக்கா விடவில்லை. "எனக்கு முப்பத்தெட்டு வயசுல இங்கதான் எடுத்தாங்க. நான் இன்னா செத்தா பூட்டேன்? மாசா மாசம் அவஸ்தை இல்லாம நிம்மதியா கீறேன். பொம்பள சமாச்சாரம் உங்களுக்குத் தெரியாது, வுடுங்க."

அவர் விட்டுவிட்டார். என் கையைக் கட்டி யாரும் இழுத்துப் போகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டு மாதம் லீவு போட்டுப் படுத்திருக்கலாம் என்பதே எனக்கு அப்போது ஆசையாக இருந்தது. இரண்டு யூனிட் ரத்தம் ஏற்றி, அடுத்த வாரம் கர்ப்பப்பையை எடுத்தார்கள். பரிசோதனைக்கு அனுப்பியதில் புற்றுநோய் எதுவும் இல்லை என்று வந்தது. அக்கா எல்லாருக்கும் சாக்லேட் கொடுத்தாள்.

ஏற்றிய ரத்தம் இருக்கும்வரை நன்றாக இருந்தேன். லீவு முடிந்து வேலைக்குப் போன மூன்றாவது வாரம் மறுபடியும் அதே படபடப்பு, அதே இரைச்சல். ஹீமோகுளோபின் ஐந்தே முக்கால். நர்சிங் ஹோமில் இரும்புச்சத்து ஊசி போட்டார்கள். அக்கா தினமும் ஏதாவது கொடுத்தனுப்பினாள். முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம், பீட்ரூட் சாறு. ஞாயிற்றுக்கிழமைகளில் கறிக்கடையில் சொல்லிவைத்துச் சுவரொட்டி வாங்கி, மிளகு போட்டு வதக்கி, தூக்கில் எடுத்துக்கொண்டு ரயிலேறி வருவாள். ஆட்டின் மண்ணீரல் அது. வாயில் வைத்தால் எனக்குக் குமட்டும். அவள் எதிரிலேயே உட்கார்ந்து நான் விழுங்குவதைப் பார்ப்பாள். "துன்னுடி. ரத்தம் ஊறணும்ல."

ஒருநாள் வேலை நேரத்தில் கண்ணை இருட்டிக்கொண்டு வந்து, மேசையைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கம்பெனியின் முதலுதவி அறைக்குத் தூக்கிப் போனார்கள். அங்கே இருந்த நர்ஸுக்கு என் மகள் வயதைவிடக் கொஞ்சம் கூட இருக்கும். என் பையிலிருந்த ரிப்போர்ட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். பிறகு என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டாள்.

"அக்கா, கர்ப்பப்பைய எடுத்து நாலு மாசம் ஆச்சு. இப்போ ரத்தம் எங்கே போகுது?"

அதுவரை இந்தக் கேள்வியை எங்களில் யாருமே கேட்கவில்லை. மலத்தில் ரத்தம் போகிறதா, எங்காவது காயமா என்றெல்லாம் அவள் விசாரித்தாள். எதுவும் இல்லை. "இனிமே நர்சிங் ஹோமுக்குப் போகாதீங்க. டவுனுக்குப் போங்க. பெரிய ஆஸ்பத்திரியில ரத்தத்துக்குன்னே தனி டாக்டருங்க இருக்காங்க" என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள்.

அந்த முறை அக்காவிடம் சொல்லாமல் என் கணவருடனும் மகளுடனும் போனேன். ரத்தநோய்ப் பிரிவில் ஓர் இளம் பெண் டாக்டர். என் காகிதங்களை முழுக்கப் படித்துவிட்டு, "இவ்வளவு டெஸ்ட் எடுத்திருக்காங்க, ஒண்ணே ஒண்ணை மட்டும் விட்டுட்டாங்களே" என்றார். புதிதாகப் பிறந்த சிவப்பணுக்கள் ரத்தத்தில் எத்தனை இருக்கின்றன என்று எண்ணும் பரிசோதனையாம் அது. மறுநாள் முடிவு வந்தது. கிட்டத்தட்ட பூஜ்யம்.

"உங்க ரத்தம் எங்கேயும் போகலம்மா. ஊறவே இல்ல" என்றார்.

இடுப்பெலும்பில் ஊசி போட்டு மஜ்ஜை எடுத்தார்கள். மரத்துப்போக ஊசி போட்டிருந்தாலும், உள்ளே இருப்பதை உறிஞ்சும்போது உயிரைப் பிடித்து இழுப்பதுபோல இருந்தது. மகள் என் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். கல்லூரியில் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தாள் அப்போது. அவளுக்குப் பரீட்சை நேரம் வேறு. மஜ்ஜையில் வெள்ளை அணுக்கள் சரியாக இருந்தன, தட்டணுக்கள் சரியாக இருந்தன. சிவப்பணுவாக வளர வேண்டிய அணுக்கள் மட்டும் இல்லை. யாரோ பார்த்துப் பொறுக்கி எடுத்ததுபோல அவை மட்டும் இல்லை.

இது அபூர்வமான ரத்தசோகை என்றார் டாக்டர். உடம்பைக் காக்க வேண்டிய அணுக்களே திரும்பிச் சிவப்பணுக்களின் விதையையே அழித்துவிடுகின்றனவாம். இப்படி இருப்பவர்களில் சிலருக்கு நெஞ்சில் ஒரு கட்டி இருக்கும், அதையும் பார்த்துவிடலாம் என்று சிடி ஸ்கேனுக்கு அனுப்பினார். கட்டி இருந்தது. நெஞ்செலும்புக்குப் பின்னால், இதயத்துக்கு முன்னால், ஒரு பெரிய எலுமிச்சை அளவுக்கு. தைமஸ் என்று ஒரு சுரப்பியாம். குழந்தைப் பருவத்தில் பெரிதாக இருந்து, வளர வளரச் சுருங்கிப்போகும் உறுப்பு. எனக்கு அதில் கட்டி வளர்ந்திருந்தது.

"அப்போ கர்ப்பப்பையில இருந்த கட்டி?" என்று என் கணவர் கேட்டார்.

டாக்டர் பழைய ஸ்கேன் ரிப்போர்ட்டை மறுபடி எடுத்துப் பார்த்தார். "அந்த மாதிரி சின்னக் கட்டி நிறையப் பேருக்கு இருக்கும் சார். இந்த ரத்தசோகைக்கு அது காரணம் இல்ல" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அக்காவுக்கு போன் போட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன், டாக்டர் கடைசியாகச் சொன்னதையும் சேர்த்து. "சரிடி, ஒடம்பப் பாத்துக்கோ" என்று வைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு அவள் வரவில்லை.

நெஞ்சைத் திறக்கும் ஆபரேஷனுக்கு முன் ரத்தம் ஏற்றி உடம்பைத் தயார்செய்ய வேண்டியிருந்தது. அதற்குக் கொடையாளிகள் வேண்டும் என்றார்கள். கணவரின் பட்டறையிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். அக்கா வீட்டுக்காரர் தன் தொழிற்சாலையிலிருந்து இரண்டு பேரைக் கூட்டி வந்தார். தானும் கொடுக்க முன்வந்தார், ஆனால் பிரஷர் அதிகம் என்று அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். "அக்கா வர்லியா மாமா?" என்று கேட்டேன். "அவளுக்கு முட்டி வலிம்மா" என்று தரையைப் பார்த்துச் சொன்னார்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. சளி பிடித்தால்கூட முதல் ஆளாக வந்து நிற்பவள், என் நெஞ்செலும்பை அறுக்கப்போகும் நேரத்தில் வரவில்லை. ஆபரேஷனுக்கு முந்தைய நாள் வார்டில் படுத்துக்கொண்டு அவளிடம் கேட்க வேண்டியதையெல்லாம் மனதுக்குள் அடுக்கினேன். உன்னால்தானே, நீதானே, அவர் தயங்கியபோது நீதானே என்று ஒவ்வொரு வாக்கியமும் அப்படித்தான் ஆரம்பித்தது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டி அதன் உறைக்குள்ளேயே இருந்தது, பரவவில்லை, கதிர்வீச்சு தேவைப்படாது என்றார்கள். அறுத்த எலும்பைக் கம்பி போட்டுத் தைத்திருந்தார்கள். இருமல் வந்தால் ஒரு தலையணையை நெஞ்சோடு சேர்த்து இறுக்கிக்கொண்டுதான் இரும வேண்டும். கொட்டாவி விடக்கூடப் பயமாக இருக்கும். பதினோராவது நாள் வீட்டுக்கு வந்தேன். கட்டி போய்விட்டது, இனி ரத்தம் ஊறும் என்று எல்லாரும் நம்பிக்கொண்டிருந்தோம்.

ஊறவில்லை.

மூன்று வாரம் கழித்து எண்ணிப் பார்த்தார்கள். மறுபடி பூஜ்யத்துக்குப் பக்கத்தில். மறுபடி ரத்தம் ஏற்றினார்கள். இன்னும் மூன்று வாரம், மறுபடி ஒரு யூனிட். "சில பேருக்குக் கட்டிய எடுத்தாலும் உடனே நிக்காது, முன்னாடியே சொன்னேனே" என்றார் டாக்டர். சொன்னார்தான், நான்தான் காதில் வாங்கவில்லை. ஏற்றிய ரத்தத்தினாலும் போட்ட ஊசிகளினாலும் உடம்பில் இரும்பு அளவுக்கு மேல் சேர்ந்துவிட்டது, இனி இரும்புச்சத்து மாத்திரையைத் தொடாதீர்கள் என்றார். சைக்ளோஸ்போரின் என்ற மாத்திரையை ஆரம்பித்தார்கள். உறையைப் பிரித்தாலே ஒரு நெடி அடிக்கும். அதைச் சாப்பிட ஆரம்பித்து ஒரு மாதத்தில் என் கை நடுங்கத் தொடங்கியது. ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. ஈறு வீங்கியது. மேலுதட்டிலும் கன்னத்திலும் முடி முளைத்தது. மகள் வாரம் ஒருமுறை நூல் போட்டு எடுத்துவிடுவாள். கண்ணாடியைப் பார்க்கப் பிடிக்காமல் அதைப் பீரோவுக்குள் வைத்துவிட்டேன்.

அப்படி இருந்த ஒரு மதியம் அக்கா வந்தாள். வீட்டில் நான் மட்டும்தான் இருந்தேன். எப்போதும் இரண்டு பை நிறையத் தூக்கிக்கொண்டு வருபவள் வெறுங்கையோடு வந்து வாசலிலேயே நின்றாள். இளைத்திருந்தாள்.

"உள்ள வா" என்றேன். வந்து தரையில் உட்கார்ந்தாள்.

"ஆபரேசனுக்கு ஏன் வர்ல?"

"எந்த மூஞ்சிய வெச்சுகினு வர்றது?"

அடுக்கி வைத்திருந்த வாக்கியங்களில் ஒன்றை எடுத்தேன். "நீதான கூட்டிகினு போன. அவரு வேற எங்கனா காட்டலாம்னு கேட்டாரு. நீதான வாய அடச்ச."

"ஆமாடி" என்றாள். சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்திருந்தேன். அவள் ஒப்புக்கொண்டதும் அடுத்த வாக்கியம் எனக்கு நினைவுக்கு வரவில்லை.

அவளே கேட்டாள். "உனுக்கு எடுத்தத டெஸ்டுக்கு அனுப்புனாங்கல்ல? அதுல ஒண்ணும் இல்லன்னுதான வந்துச்சு?"

"ஆமா."

"எனுக்கும் அப்டித்தான் வந்துச்சு. கேன்சர் இல்ல, ஒண்ணும் இல்லன்னு சொன்னாங்க. நான் மாங்காட்டுக்குப் போயி அம்மனுக்கு மாவிளக்கு போட்டுட்டு வந்தேன்." முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். "நீ போன் பண்ணதுல இருந்து அதான் மண்டைக்குள்ள ஓடிகினே கீது. ஒண்ணும் இல்லாதத எதுக்குடி எடுத்தாங்க?"

முந்தானையை விட்டுவிட்டு விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினாள்.

"எனுக்கு மட்டும் இல்ல. குவார்ட்டர்ஸ்ல இருந்து அங்க நான் கூட்டிகினு போனவங்க ஏழு பேரு. எண்ணிப் பாத்தேன். ஏழு பேருக்கும் எடுத்துட்டாங்க. ஒரு பொண்ணுக்கு முப்பத்திரெண்டு வயசு. நான்தான் அவளுக்குத் தைரியம் சொன்னேன், நான் நல்லாத்தான கீறேன்னு."

எனக்காக மட்டும் அவள் ஒளிந்திருக்கவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. என் கோபம் எங்கும் போய்விடவில்லை. ஆனால் அதை வைத்துக்கொண்டு அவளை என்ன செய்வது என்று தெரியவில்லை. எழுந்துபோய் டீ போட்டேன். கை நடுக்கத்தில் சர்க்கரை கொட்டிவிட்டது. பாகுபோல இருந்த அந்த டீயை இருவரும் குடித்தோம்.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது அவளுக்காக டாக்டரிடம் கேட்டேன். பழைய ரிப்போர்ட் இல்லாமல் எதுவும் சொல்ல முடியாது, சிலருக்கு உண்மையிலேயே எடுக்கத்தான் வேண்டியிருக்கும் என்றார். அக்கா நர்சிங் ஹோமுக்குப் போய்த் தன் பழைய ஃபைலைக் கேட்டிருக்கிறாள். அவ்வளவு பழையதையெல்லாம் வைத்திருப்பதில்லை என்று சொல்லிவிட்டார்களாம். அந்த ஏழு பேரில் இரண்டு பேரிடம் விஷயத்தைச் சொல்லியிருக்கிறாள். ஒருத்தி அழுதிருக்கிறாள். இன்னொருத்தி, "இப்ப வந்து சொல்லி இன்னா ஆவப்போவுது, போக்கா" என்று கதவைச் சாத்திவிட்டாள். மற்ற ஐந்து பேரிடம் அக்கா போகவில்லை. யார் ஆஸ்பத்திரிக்குத் துணைக்குக் கூப்பிட்டாலும் முட்டி வலி என்று சொல்லிவிடுகிறாள்.

மாத்திரை ஆரம்பித்து மூன்றாவது மாதம் முடிகிற சமயம். டெஸ்டுக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம். டாக்டர் தன் அறையிலிருந்து தானே எழுந்து வந்து சீட்டை நீட்டினார். புதிய சிவப்பணுக்கள் ஒன்றரை சதவீதம். எனக்கு எண் புரியவில்லை, அவர் முகம்தான் புரிந்தது. "ஊற ஆரம்பிச்சிடுச்சும்மா" என்றார். என் கணவர் சீட்டை வாங்கி, தலைகீழாக வைத்துக்கொண்டு பார்த்தார். பிறகு வராந்தாவின் ஓரத்துக்குப் போய் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அதற்கப்புறம் எனக்கு ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கவில்லை. ஒன்பது, பத்து, பதினொன்று என்று மெதுவாக ஏறியது.

வேலைக்குத் திரும்பினேன். உட்கார்ந்தபடி லேபிள் எண்ணும் வேலை கொடுத்தார்கள். போன வருடக் கடைசியில் மாத்திரையைக் குறைத்துப் பார்த்தார்கள். இரண்டே மாதத்தில் எட்டரைக்கு இறங்கிவிட்டது. மறுபடி கூட்டினார்கள். ஆயுசு முழுக்கச் சாப்பிட வேண்டியிருக்கலாம் என்கிறார் டாக்டர். கிட்னியையும் பிரஷரையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டுமாம். மாதம் ஒருமுறை ரத்தம் கொடுத்துவிட்டு முடிவு வரும்வரை இருக்கும் அந்த ஒரு மணி நேரம் எனக்கு இன்னும் பழகவில்லை.

இரண்டு மாதத்துக்கு முன் அக்கா குளியலறையில் லேசாக வழுக்கினாள். விழக்கூட இல்லை, சுவரில் கையை ஊன்றினாள், அவ்வளவுதான். மணிக்கட்டு உடைந்துவிட்டது. இந்த முறை நான் அவளைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். எலும்பு வயசுக்கு மீறித் தேய்ந்திருக்கிறது என்றார்கள். கர்ப்பப்பையை எடுத்தது எத்தனை வயதில் என்று கேட்டார்கள். சொன்னதும் வயிற்றுக்கு ஒரு ஸ்கேன் எழுதினார்கள்.

ஸ்கேன் பார்த்த டாக்டர், "சினைப்பையையும் சேர்த்து எடுத்திருக்காங்களே, உங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டார்.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். "சொல்லல சார்" என்றாள்.

இரண்டு பக்கமும் இல்லை. முப்பத்தெட்டு வயதிலிருந்து இல்லை. எலும்பு இப்படி ஆனதற்கு அது பெரிய காரணமாக இருக்கும் என்றார். கால்சியம், ஊசி என்று என்னென்னவோ எழுதிக் கொடுத்தார். வீட்டுக்குப் போனதும் என் ஆபரேஷன் காகிதத்தை எடுத்துப் பார்க்க வேண்டும் என்று நான் அங்கேயே நினைத்தேன். அப்படி நினைத்ததற்காக வெட்கமாகவும் இருந்தது. பிறகு எடுத்துப் பார்த்தேன். எனக்குச் சினைப்பைகளை விட்டுவைத்திருந்தார்கள்.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் அவளை உட்கார வைத்தேன். மாவுக்கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். பாடி மேம்பாலத்தில் லாரிகள் நெருக்கியடித்ததில் பஸ் ரொம்ப நேரம் நின்றது. அன்றைக்கு எனக்கும் ரத்தம் பார்க்கும் நாள். அவளை ஸ்கேனுக்கு உட்கார வைத்துவிட்டு நான் ஓடிப்போய்க் கொடுத்துவிட்டு வந்திருந்தேன். சீட்டு என் பையில் இருந்தது.

"உனுக்கு இன்னிக்கு எவ்ளோ?" என்று கேட்டாள்.

"பத்து பாயின்ட் எட்டு."

"எறங்கலல்ல?"

"இல்லக்கா."

தலையை ஆட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பஸ் நகர ஆரம்பித்தது.